வேல்ஸ் நாட்டுக் குடிப்பெயர் டார்ட்டனும் முன்னோர் நினைவும்

தோற்றுவாய்

மார்ச்சுத் திங்கள் முதல் நாள், வேல்ஸ் நாட்டின் காவலராகப் போற்றப்பெறும் தூய தாவீதின் திருநாள். அந்நாளிலும் திருமணம் முதலிய மங்கல நாள்களிலும் வேல்ஸ் மரபினர் சிலர், கொசுவம் பல வைத்துத் தைத்து முழங்கால் அளவில் நிற்கும் கம்பளி உடை ஒன்றை இடையில் உடுத்து வருதலை இன்று காணலாம். இவ்வுடை கில்ட் எனப் பெயர் பெறும். பாவிலும் ஊட்டிலும் ஒரே வரிசையில் நிற நூல்களை வைத்துக் கட்டங்கட்டமாக நெய்த இதன் துணியை டார்ட்டன் என்பர். ஜோன்ஸ் என்னும் பெயருடையார்க்கு ஒரு கட்டம், வில்லியம்ஸ் என்பார்க்கு மற்றொரு கட்டம், பிரைஸ் என்பார்க்குப் பிறிதொரு கட்டம் எனக் குடிப்பெயர்தோறும் தனித்தனிக் கட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. உடுப்போர், 'எம் முன்னோரைப் போற்றவே இதனை உடுக்கின்றோம்' என்று பெருமிதம் கொள்கின்றனர்.

முதுகலை வகுப்பில் இலக்கிய மரபும் புனைந்த மரபும் பற்றி யாம் உரையாற்றிய ஞான்று, இவ்வழக்கத்தையும் எடுத்துக்காட்டாகக் கூறினோம். அப்போது மாணவர் ஒருவர் எழுந்து, "ஒருவன் தன் பாட்டனை நினைந்து உடுக்கும் ஆடையைப் பழமையுடையது அன்று என்று எடுத்துரைப்பதால் ஆராய்ச்சியாளன் பெறும் பயன் யாது? அவன் அன்பைப் புண்படுத்துவது ஒன்றே அன்றோ அதன் விளைவு?" என்று வினவினார். அவ்வினா எம்மை விட்டு நீங்கவில்லை. உடையின் வரலாறு, பெயரின் வரலாறு, முன்னோரைப் போற்றிய முறையின் வரலாறு ஆகிய மூன்றையும் முறையே நோக்கி, அவ்வினாவிற்கு எம்மால் இயன்ற விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்காத்லாந்தில் டார்ட்டனின் வரலாறு

கில்ட் உடைக்குத் தாயகம் ஸ்காத்லாந்தின் மலைநாடு. எனவே முதற்கண் அந்நாட்டு வரலாற்றைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். கட்டமிட்ட கம்பளித் துணி அங்குத் தொன்மையானதே என்பதில் ஐயம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதி அளவில் மலைநாட்டார் நீண்ட போர்வை ஒன்றை இடையில் கச்சால் இறுக்கி, எஞ்சிய பகுதியைத் தோள்மேல் இட்டு உடுத்தனர். ஆயின் இடைக்குக் கீழே மட்டும் நிற்குமாறு தைக்கப்பட்ட குறுங்கில்ட், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான் பரவலாயிற்று. அதனை முதலில் அமைத்தவர் இன்வர்கேரி என்னும் ஊரில் இரும்புலை நடத்திய தாமசு ராலின்சன் என்னும் ஆங்கிலேயரே என 1785-இல் அச்சேறிய மடல் ஒன்று கூறுகின்றது. இக்கூற்றை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர்.

இனி, குலத்திற்கு ஒரு கட்டம் என்னும் கொள்கை எப்போது தோன்றியது என்பது வினா. 1703-இல் மேலைத் தீவுகளைப் பற்றி நூல் வெளியிட்ட மார்ட்டின் மார்ட்டின் என்பவர், கட்டங்கள் இடத்திற்கு இடம் வேறுபடும் என்றும், ஒருவன் அணிந்த போர்வையைக் கண்டே அவன் வாழும் இடத்தை உய்த்துணரலாம் என்றும் எழுதினார். அவர் கூறியது ஊர் வேறுபாடே. குல வேறுபாடு அன்று. 1745-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் காட்டும் டேவிட் மோரியர் என்பாரின் ஓவியத்தில் மலைநாட்டு வீரர் பலவகைக் கட்டங்களை அணிந்து நிற்கின்றனர். ஒருவர் மேனியிலேயே வெவ்வேறு கட்டங்கள் காணப்படுகின்றன. கட்டமே குலத்தின் அடையாளமாக இருந்திருப்பின் இங்ஙனம் இராது.

1746-ஆம் ஆண்டு ஏப்பிரல் 16-ஆம் நாள் கல்லோடன் போரில் மலைநாட்டார் தோற்றனர். அவ்வாண்டே மலைநாட்டு உடையைத் தடைசெய்யும் சட்டம் பிறந்தது. முதன்முறை மீறியோர்க்கு ஆறு திங்கள் சிறையும், மறுமுறை மீறியோர்க்கு ஏழாண்டு நாடுகடத்தலும் தண்டமாக விதிக்கப்பட்டன. அரசின் படையில் சேர்ந்த மலைநாட்டார்க்கு மட்டும் விலக்கு இருந்தது. 1782-இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோது முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. இடையில் அற்றுப்போன வழக்கத்தை மீட்டோர் நகரத்துச் சங்கத்தாரும் நெசவு வணிகருமே ஆவர். 1815-இல் இலண்டன் மலைநாட்டுச் சங்கத்தார் குலத்தலைவர்தம் கட்டங்களைத் தொகுக்க முற்பட்டனர். பேனக்பர்ன் ஊரில் தறி நடத்திய வில்சன் நிறுவனத்தார் 1819-இல் தம் கட்டங்களை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் வகைப்படுத்தினர். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது, வால்ட்டர் ஸ்காட் வகுத்த வரவேற்புக் காட்சிகளால் டார்ட்டன் ஸ்காத்லாந்து முழுமைக்கும் உரிய உடையாகப் புகழ் பெற்றது.

இதன்பின் தோன்றிய நூல் ஒன்று நம் போன்ற ஏட்டாராய்ச்சியாளர் கருத்திற்கொள்ளத் தக்கது. சோபியெஸ்கி ஸ்டூவர்ட் என்று தம்மை அழைத்துக்கொண்ட உடன்பிறந்தார் இருவர், பதினாறாம் நூற்றாண்டுச் சுவடியிலிருந்து பெற்றதாகக் கூறி 1842-இல் 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிக்கம்' என்னும் நூலை அச்சிட்டனர். குலந்தோறும் உரிய கட்டங்களை அது விரித்துரைத்தது. அதன் மூலத்தைப் பற்றி ஸ்காட் 1829-லேயே ஐயுற்றார். 1847-இல் திறனாய்வு ஒன்று அதனைக் கடிந்து மறுத்தது. 1980-இல் ஸ்டூவர்ட்டு, தாம்சன் என்னும் இருவர் விரிவாக ஆராய்ந்து அது பொய்ந்நூலே என நிறுவினர். ஆயினும் அந்நூல் வகுத்த கட்டங்கள் பல இன்றும் குலக் கட்டங்களாக நெய்யப்படுகின்றன. ஆக, வேல்ஸ் மக்கள் பின்னாளில் ஸ்காத்லாந்திலிருந்து கடன்கொண்ட முறை, ஸ்காத்லாந்திலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற ஒன்றாகும்.

வேல்ஸ் நாட்டுப் பழைய உடை

வேல்ஸ் நாட்டில் கில்ட் வழங்கியதற்குச் சான்று உண்டா என்று இனிக் காண்போம். 1188-இல் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிய பேராயருடன் அந்நாட்டைச் சுற்றிவந்தவர் ஜெரால்ட் என்னும் சமய அறிஞர். நார்மானியக் குருதியும் வேல்ஸ் அரச குடியின் குருதியும் ஒருங்கே உடைய அவர், 1190-களில் வேல்ஸ் மக்களின் இயல்பை விரித்து ஒரு நூல் செய்தார். மெல்லிய போர்வையும் உட்சட்டையுமே அம்மக்களின் உடை என்றும், இரவிலும் பகலிலும் அவர்கள் அவற்றையே உடுத்தனர் என்றும் அதில் குறித்துள்ளார். கட்டங்களால் குடியை அறியும் வழக்கம் பற்றி அவர் யாதும் கூறவில்லை. பிறர் கண்ணுக்குப் புலனாகாத சிறு வழக்கங்களையும் குறித்துச் செல்லும் அவர், அத்தகைய வழக்கம் இருந்திருப்பின் அதனை விட்டிரார் எனக் கொள்ளலாம்.

டினோகத் என்னும் சிறுவனின் மேலாடையைப் பாடும் பழைய தாலாட்டு ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த அனெய்ரின் சுவடியில், 'கொதொதின்' என்னும் போர்ப்பாட்டின் இடையே அது தவறிப் புகுந்து நிற்கின்றது. அம்மேலாடைக்கு அடையாக வரும் சொல் 'ப்ரித்' என்னும் சொல்லின் பெண்பால் வடிவமாகும். பல நிறம் விரவியது, புள்ளியுடையது என்பன அதன் பொருள். இன்று டார்ட்டனைக் குறிக்க வேல்ஸ் மொழியில் வழங்கும் 'ப்ரித்வே' என்னும் தொடர்ச்சொல்லின் முற்பகுதியும் அதுவே. பிற்பகுதி நெய்த துணியைக் குறிக்கும். இவ்வொற்றுமையைக் கொண்டு பழந்தமிழ்ச் சொல் போல் இதுவும் பழம்பொருளைக் காட்டுகின்றது என ஒருவர் முடிவு கட்டலாம். ஆயின் அப்பாட்டே அம்மேலாடை மரநாய் இனத்து விலங்கின் தோலால் ஆனது என்று தெளிவாகக் கூறுகின்றது. தோலாடையின் புள்ளி, தறியில் நெய்த கட்டத்திற்குச் சான்று ஆகாது. சொல் தொன்மையானது; அச்சொல் இன்று சுட்டும் பொருள் புதியது. கில்ட் என்பதற்கோ வேல்ஸ் மொழியில் தனிச்சொல்லே இல்லை. அயற்சொல்லையே அம்மொழியின் எழுத்தில் எழுதி வழங்குகின்றனர்.

வேல்ஸ் நாட்டுத் தேசிய உடை என்று உலகம் அறிந்தது மகளிர் உடையே. கரிய நெடுந்தொப்பியும் செம்மேலங்கியும் கம்பளிப் பாவாடையும் அவ்வுடையின் உறுப்புகள். நாட்டுப்புற மகளிர் அணிந்த உடைகளைப் போற்றி, அவற்றைத் தேசிய உடை என உயர்த்திய பெருமை லானோவர் சீமாட்டி எனப்பெறும் அகஸ்டா ஹால் அம்மையாரைப் பெரிதும் சாரும். 1802-இல் பிறந்து 1896-இல் மறைந்த இவ்வம்மையார், வேல்ஸ் மொழியையும் உடையையும் காத்தலின் நலன் குறித்து எழுதிய கட்டுரைக்காக 1834-ஆம் ஆண்டுக் கார்டிஃப் கலைவிழாவில் பரிசு பெற்றார். அக்கட்டுரை 1836-இல் நூலாயிற்று. அம்மையார் தம் இல்லத்து யாழிசைஞர் முதலியோர்க்குத் தனியுடை வகுத்தபோதும், ஆடவர்க்கு உரிய தேசிய உடை ஒன்று நாட்டில் நிலைபெறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் கில்ட் வந்து புகுந்தது அவ்வெற்றிடத்திலேதான்.

வேல்ஸ் டார்ட்டனின் தோற்றம்

1960-களின் பிற்பகுதியில் வேல்ஸ் நாட்டிற்கெனப் பொதுக்கட்டம் ஒன்று வகுக்கப்பெற்றது. நாட்டுக்கொடியின் செம்மை, பசுமை, வெண்மை ஆகிய நிறங்களை அது கொண்டிருந்தது. குடிப்பெயர்தோறும் தனிக்கட்டம் வகுக்கும் முயற்சி 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கார்டிஃப் நகரில் தொடங்கியது. மிகுதியாக வழங்கும் பெயர்கள் முதலிலும், அருகி வழங்குவன பின்னும் கட்டம் பெற்றன. ஆக, இக்குடிக்கட்டங்களின் அகவை ஒரு தலைமுறையே ஆகும்.

ஸ்காத்லாந்துப் பாராளுமன்றம் 2008-இல் இயற்றிய சட்டத்தின் வழி, 2009-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் டார்ட்டன் பதிவேடு ஒன்று திறக்கப்பட்டது. எந்நாட்டுக் கட்டமும் அதில் இடம்பெறலாம். பதிவேட்டில் இடம்பெற்றமையையே பழமைக்குச் சான்றாகக் கொள்வார் சிலர். இது பிழையான முடிபு. ஒரு கட்டம் இன்ன பெயரில் இவ்வாறு அமைந்துள்ளது என்று பதிவு கூறுமேயன்றி, அது முன்னோர் அணிந்தது என்று கூறுவதில்லை. நூல் ஒன்று நூலகப் பட்டியலில் ஏறுவதால் அதன் காலம் முற்பட்டது ஆகாமை போல்வது இது.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். கம்பளி நெசவு வேல்ஸ் நாட்டிற்குப் புதிதன்று. டெய்வி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், நியூட்டவுன் முதலிய ஊர்களிலும் கம்பளித் தொழில் செழித்திருந்தது. மகளிர் உடையிலும் போர்வையிலும் கட்டமும் கோடும் இட்ட துணிகள் பயின்றன. அத்தொழில் சிறந்திருந்த திரெவாக் வெலிந்திரே என்னும் சிற்றூரில் 1976 முதல் கம்பளித்தொழில் அருங்காட்சியகம் ஒன்று விளங்குகின்றது. ஆதலின் கட்டமிட்ட துணி அந்நாட்டுத் தறிக்கு உரியதே; அத்துணியைக் குடிப்பெயரோடு பிணித்தமையே புதுமை. இப்பிணிப்பு எத்துணைப் பொருத்தமுடையது என்பதை அறிய, குடிப்பெயரின் வரலாற்றை நோக்க வேண்டியுள்ளது.

குடிப்பெயர் வந்த வழி

ஸ்காத்லாந்து மலைநாட்டில் ஒரு குலத்தலைவனைச் சார்ந்தோர் அவன் குலப்பெயரைத் தாமும் மேற்கொள்ளுதல் உண்டு. வேல்ஸ் நாட்டில் அத்தகைய குலப்பெயர் முறை இல்லை. அங்கு ஒருவன் தன் பெயருடன் தந்தை பெயரைச் சேர்த்து வழங்கினான். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயர்க்கு முன் இடும் நமக்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை. மகன் என்னும் பொருளுடைய 'மாப்' என்னும் சொல் முதலெழுத்துத் திரிந்து, பின் அது கெட்டு, மெய்யெழுத்தின் முன் 'அப்' என்றும் உயிரின் முன் 'அப்' என்பதன் மெல்லோசை வடிவாகவும் நின்றது. மகள் எனற்கு 'வெர்க்' என்னும் சொல் பயின்றது. தாவித் என்பானின் மகன் ரீஸ், ரீஸ் அப் தாவித் எனப்பட்டான். அவன் மகன் ஹியூ, ஹியூ அப் ரீஸ் எனப்பட்டான். தலைமுறைதோறும் பின்பெயர் மாறும். விரும்பின் ஐந்து, ஆறு தலைமுறை வரையும் தொடுத்துச் சொல்லலாம்.

எட்டாம் ஹென்றியின் காலத்தில் 1536-இலும் 1543-இலும் பிறந்த சட்டங்கள் வேல்ஸ் நாட்டை இங்கிலாந்தின் ஆட்சிமுறைக்குள் கொண்டுவந்தன. நீதிமன்ற மொழி ஆங்கிலம் ஆயிற்று. வேல்ஸ் மொழி மட்டும் அறிந்தோர் அரசுப் பதவி பெறுதல் இயலாததாயிற்று. மைந்தர் அனைவரும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய உரிமை ஒழிந்து, மூத்தோன் ஒருவனே பெறும் ஆங்கில முறை புகுந்தது. பெயரை மாற்றுக என்று சட்டம் விதித்ததில்லை. ஆயினும் நீதிமன்ற எழுத்தர்க்கு நீண்ட பெயர்த்தொடர் இடையூறாகத் தோன்றியது. அறங்கூறும் குழுவில் ஒருவர் தம் பெயரை 'அப்' பல சேர்த்துச் சொல்ல, தலைவர் சலித்து, 'இனி உம் இல்லப் பெயரையே பெயராகக் கொள்க' என்றார் என்றும், அன்று முதல் அக்குடி மாஸ்டின் எனப் பெயர் பெற்றது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், செல்வக் குடியினர் பதினாறாம் நூற்றாண்டு முதலாக நிலைத்த பின்பெயரை மேற்கொண்டனர். பொதுமக்களிடையே அது பதினெட்டாம் நூற்றாண்டளவும், ஒதுங்கிய பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டளவும் படிப்படியாகப் பரவிற்று.

மாற்றம் இரு வழியில் நிகழ்ந்தது. ஒன்று, 'அப்' என்பதன் ஈற்றொலி தந்தை பெயரோடு ஒட்டி நிற்றல். அப் ரீஸ் என்பது பிரைஸ் ஆயிற்று. அப் ஹவல் என்பது பவெல் ஆயிற்று. அப் ஹியூ என்பது பியூ ஆயிற்று. அப் ஹாரி என்பது பாரி ஆயிற்று. உயிர்முதற் பெயராகிய ஓவன், பின் போவன் ஆயிற்று. இவான், பெவன் ஆயிற்று. மற்றொன்று, ஆங்கில வேற்றுமையுருபாகிய சகர ஒலியைத் தந்தை பெயரின் ஈற்றில் சேர்த்தல். ஜானின் மகன் ஜோன்ஸ். வில்லியமின் மகன் வில்லியம்ஸ். இவானின் மகன் இவான்ஸ். டேவிட்டின் மகன் டேவிஸ். அக்காலத்து வேல்ஸ் மக்கள் தம் மக்கட்கு இட்ட பெயர்கள் சிலவே ஆதலின், ஒரே பின்பெயர் ஆயிரமாயிரம் குடிகளுக்கு ஏறியது. ஓர் ஊரில் ஜோன்ஸ் பலர் இருப்ப, அவரைத் தொழிலாலும் இல்லத்தாலும் பிரித்தறியும் வழக்கம் இதனால் எழுந்தது. இவற்றுள் வியப்புக்குரியது ஒன்று. வேல்ஸ் நாட்டிற்கே உரிய பெயர் என்று உலகம் கருதும் ஜோன்ஸ் என்பதன் முதலெழுத்து, வேல்ஸ் மொழியின் பழைய நெடுங்கணக்கிலேயே இல்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தாவித் என்பார்க்கு ரீஸ், ஹியூ என மைந்தர் இருவர் உளர் எனக் கொள்க. பேரர் காலத்தில் பின்பெயர் நிலைபெற்றதாயின், ரீஸின் மைந்தர் பிரைஸ் எனவும் ஹியூவின் மைந்தர் பியூ எனவும் பெயர் பெறுவர். அவர்கள் ஒரு பாட்டனின் பேரர். இன்றைய கணக்கின்படி அவர்தம் வழியினர் வெவ்வேறு கட்டங்களை உடுக்க வேண்டும். வடக்கே ஒரு ஜானின் மைந்தரும் தெற்கே மற்றொரு ஜானின் மைந்தரும் யாதொரு உறவும் இலராயினும் ஜோன்ஸ் ஆவர். அவர்தம் வழியினர் ஒரே கட்டத்தை உடுப்பர். உறவினரைப் பிரித்தும் அயலாரைச் சேர்த்தும் நிற்கும் ஒன்றனைக் குடியடையாளம் என்று கூறுதல் பொருந்துமா? அன்றியும் ஒருவனுக்குப் பாட்டன் பாட்டியரைப் பெற்றோர் எண்மர். பின்பெயர் அவருள் ஒருவர் வழியே வருவது; ஏனை எழுவரும் அக்கட்டத்துள் இடம்பெறார்.

முன்னோரைப் போற்றிய பழைய முறை

அங்ஙனமாயின் வேல்ஸ் மக்கள் முன்னோரைப் போற்றியது எவ்வாறு? இதற்கும் ஜெரால்டே சான்று பகர்கின்றார். அந்நாட்டில் எளியோரும் தம் குடிவழியைப் பேணி, பாட்டன் பூட்டன் அளவில் நில்லாது ஆறு ஏழு தலைமுறைகளையும் நினைவிலிருந்து தடையின்றிச் சொல்லுவர் என்று அவர் எழுதினார். அரச குடிகளின் வழிமுறையைப் புலவர்கள் தம் பழஞ்சுவடிகளில் காத்தனர் என்றும் குறித்துள்ளார். உடையைப் பற்றி வாளா இருந்த அதே ஆசிரியர் குடிவழியைப் பற்றி இங்ஙனம் விரித்துரைத்தல் நோக்கத்தக்கது.

இந்நினைவு வெறும் பெருமைக்காக அமைந்ததன்று. பத்தாம் நூற்றாண்டு வேந்தனாகிய ஹவல் தா என்பான் பெயரால் வழங்கிய பழஞ்சட்டத்தில், கொலை நிகழுமாயின் ஈட்டுத்தொகையைக் கொலைஞனின் சுற்றத்தார் தலைமுறை எண்ணிப் பங்கிட்டுச் செலுத்துதல் வேண்டும். நிலப்பங்கும் உறவின் அளவு நோக்கியே கிடைத்தது. ஆதலின் முப்பாட்டன் பெயரை மறந்தவன் தன் உரிமையையும் கடமையையும் ஒருங்கே இழந்தான். பழஞ்சட்டம் வீழ்ந்தபோது குடிவழி நினைவிற்கு இருந்த உலகியற் பயனும் வீழ்ந்தது.

அதன் பின்னும் அந்நினைவைக் காத்தோர் புலவரே ஆவர். புரவலனைப் பாடும் புலவன் அவன் முன்னோரை நிரல்படப் பாடுதல் அந்நாட்டு மரபு. அரசச் சின்ன அலுவலரின் துணைவராக அமர்ந்த லூயிஸ் டுன் என்னும் புலவர், 1586 முதல் 1613 வரை நாடெங்கும் திரிந்து குடிவழிகளைத் தொகுத்தார். அத்தொகுப்பு 1846-இல் அச்சேறிற்று. இருபதாம் நூற்றாண்டில் பீட்டர் பார்ட்ரம் என்னும் அறிஞர் பழஞ்சுவடிகளை எல்லாம் ஒப்புநோக்கி, கி.பி. 300 முதல் 1400 வரையுள்ள குடிவழிகளை எட்டுத் தொகுதிகளாக 1974-இல் வெளியிட்டார். ஆக, வேல்ஸ் மரபில் முன்னோர் நினைவு தங்கிய இடம் பெயர்த்தொடரே. பின்பெயர் நிலைபெற்றமை அத்தொடரை ஓரிடத்தில் அறுத்தது. ஜோன்ஸ் என்பது அறுந்த தொடரின் கடைசிக் கண்ணி. அதற்குக் கட்டம் வகுத்து உடுப்போர், முன்னோரைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டு, முன்னோர் பெயர்கள் மறையத் தொடங்கிய நாளின் அடையாளத்தையே போற்றுகின்றனர். இதுவே எம் ஆராய்ச்சியில் யாம் கண்ட முதன்மையான முடிபு.

புதுமையும் போலியும்

இவ்வளவும் கூறியபின், இவ்வுடையைப் போலி எனத் தள்ளிவிடலாமா? தள்ளுதல் முறையன்று என்பதே எம் கருத்து. புதுமை வேறு, போலி வேறு. இவ்வேறுபாட்டிற்கு வேல்ஸ் இலக்கிய வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு.

இயோலோ மோர்கானுக் என்னும் புனைபெயருடைய எட்வர்டு வில்லியம்ஸ் 1747-இல் பிறந்து 1826-இல் மறைந்தவர், தொழிலால் கற்றச்சர். பழஞ்சுவடிகளில் அவர்க்கு இருந்த பயிற்சி பெரிது. அப்பயிற்சியைக் கொண்டே அவர் பழம்புலவர் நடையில் தாமே பாட்டுக்கள் புனைந்தார். பதினான்காம் நூற்றாண்டுப் பெரும்புலவராகிய தாவித் அப் குவிலிமின் பாடல்கள் 1789-இல் பதிப்பிக்கப்பட்டபோது, அதன் பின்னிணைப்பில் இயோலோவின் பாட்டுக்களும் அப்புலவர் பெயரிலேயே ஏறின. நூற்றாண்டிற்கு மேல் கற்றோர் அவற்றை மெய்யென்றே பயின்றனர். 1926-இல் ஜி. ஜே. வில்லியம்ஸ் என்னும் பேராசிரியர் வெளியிட்ட ஆராய்ச்சி, அவை இயோலோவின் கைவண்ணம் என ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிற்று. அதன்பின் அவை தாவித்தின் பாடல் தொகுதியினின்றும் நீங்கின.

இயோலோ புனைந்தது மற்றொன்றும் உண்டு. 1792-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் இலண்டன் மாநகரின் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக இட்டு, தொன்மைப் புலவர் அவையின் சடங்கு எனக் கூறி 'கோர்செத்' என்னும் விழாவை நடத்தினார். 1819-இல் கார்மார்தன் நகரத்துக் கலைவிழாவோடு அது இணைந்தது. அச்சடங்கும் தொன்மையற்றதே என்பதை இன்று வேல்ஸ் நாட்டார் நன்கு அறிவர். அறிந்தும் அதனைக் கைவிடவில்லை. ஆண்டுதோறும் தேசியக் கலைவிழாவில் சிறந்த புலவர்க்கு இருக்கையும் மணிமுடியும் வழங்கும் விழா அவ்வவையின் தலைமையிலேயே நிகழ்கின்றது. அது தாய்மொழிப் புலமையைப் போற்றுகின்றது. அதுவே அதன் பயன்.

ஒரே மனிதர் புனைந்த இரண்டனுள் ஒன்று நீக்கப்பட்டது, மற்றொன்று நிலைத்தது. காரணம் வெளிப்படை. பாட்டு மற்றொருவர் பெயரைத் திருடி நின்றது. அது நிற்பின் தாவித்தின் உண்மைப் பாடல் மறைந்துவிடும். சடங்கோ, தன் பிறப்பை உலகம் அறிந்தபின்னும் யார்க்கும் தீங்கின்றி நடைபெறலாம். 1983-இல் வெளிவந்த, புனைந்த மரபுகளைப் பற்றிய புகழ்பெற்ற தொகுப்பில் ஸ்காத்லாந்து மரபை ட்ரெவர்-ரோப்பரும் வேல்ஸ் மரபை ப்ரிஸ் மோர்கனும் ஆராய்ந்துள்ளனர். முன்னவர் கட்டுரையில் எள்ளல் மிகுதி. பின்னவர் கட்டுரையில், தன் உருவம் அழியும் என்று அஞ்சிய மக்களினம் புதியன புனைந்து தன்னைக் காத்துக்கொண்ட நிலை பரிவுடன் காட்டப்படுகின்றது. வேல்ஸ் டார்ட்டனை ஆராய்வார்க்கு இரண்டாவது நோக்கே ஏற்றது என்போம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், கில்ட் வேல்ஸ் மக்களின் தொன்மை உடை அன்று என்பதும், குடிப்பெயர்க் கட்டங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டித் தோன்றியவை என்பதும், குடிப்பெயர் தானும் வேல்ஸ் மரபு முறிந்தபோது வந்தது என்பதும், முன்னோர் நினைவு பெயர்த்தொடரிலும் புலவர் சுவடியிலும் வாழ்ந்தது என்பதும் விளங்கும்.

மாணவரின் வினாவிற்கு இனி விடை கூறலாம். ஒருவன் விரும்பிய உடையை உடுத்தலைத் தடுக்கும் உரிமை ஆராய்ச்சியாளனுக்கு இல்லை. காலத்தை உள்ளவாறு கூறும் கடமை அவனுக்கு உண்டு. அக்கடமை அன்பைப் புண்படுத்துவது அன்று. அன்பு சென்று சேரவேண்டிய இடத்தைக் காட்டுவது. ஜோன்ஸ் என்னும் பெயருடைய ஒருவர்க்கு, அப்பெயருக்குள் ஒரு ஜான் நிற்கின்றான் என்று எடுத்துக்காட்டுவோம். அவன் எவ்வூரினன், எந்நூற்றாண்டினன், அவன் தந்தை யாவன் என்று அவர் தேடத் தொடங்குவாராயின் அதுவே முன்னோர்க்குச் செய்யும் பெருஞ்சிறப்பு ஆகும். தேடுதற்கு வழியும் உண்டு. அபெரிஸ்ட்வித் நகரத்துத் தேசிய நூலகத்தில் ஊர்க்கோயில் பதிவேடுகளும், 1858-க்கு முற்பட்ட இறுதி விருப்ப ஆவணங்களும் காக்கப்பட்டுள்ளன. நிலமும் கால்நடையும் தட்டுமுட்டும் இன்னார்க்கு என்று எழுதிவைத்த உழவர் பலரின் பெயர்கள், 'அப்' என்னும் சொல் இன்னும் நீங்காத நிலையில், அவ்வேடுகளில் உள்ளன.

அங்ஙனம் தேடி, ஐந்து தலைமுறையேனும் பெயர் சொல்ல வல்லவராகிய ஒருவர், 'இது என் காலத்தில் நெய்த துணி. என் முன்னோரை நினைந்து யானே தேர்ந்தது' என்று கூறிக் கில்ட் உடுப்பாராயின் அதனைப் போலி என்பார் யார்? அவர் பிள்ளைகட்கு அத்துணியுடன் அப்பெயர்களும் சென்று சேரும். பெயர்கள் இன்றித் துணி மட்டும் செல்லுமாயின், ஜெரால்ட் கண்டு வியந்த அவ்வெளிய மக்களின் செல்வத்துள் ஒன்றும் அவர்கட்குக் கிட்டாது.